பேட்சுக்குக் கவர் லெட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளும், படிப்பு முடித்து ஊரிலிருந்தே வேலை பார்க்கிறவர்களும் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு மெயிலில் பேட்ச் (நிரலில் செய்த மாற்றத்தைக் காட்டும் ஃபைல்) அனுப்பத் தொடங்கும்போது, கோடு, அதாவது நிரல், எழுதுவதில் அவ்வளவாகத் திணறுவதில்லை. கவர் லெட்டர் என்று வந்ததும் கை நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப்பிலும் நேரிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, பேட்சுதான் போகுதே, அதுக்கு மேல ஒரு லெட்டர் எதுக்கு?

லினக்ஸ் கர்னல், கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), க்யூஎமு, யு-பூட் போன்ற திட்டங்களில் மாற்றங்கள் இன்றும் மெயிலில்தான் போகின்றன. மூன்று கமிட் (கிட்டில் பதிந்த மாற்றம்) இருந்தால் மூன்று மெயில், ஒவ்வொன்றிலும் ஒரு பேட்ச். அவற்றுக்கு முன்னால் 0/3 என்ற எண்ணோடு போகிற மெயில்தான் கவர் லெட்டர். அதில் கோடு இருக்காது. மற்ற மூன்றும் அதற்கு வந்த பதில்களைப் போல அதன் கீழே அடுக்கி நிற்கும்.

படிக்கிறவர் யார் என்று யோசித்தால் இதன் தேவை விளங்கும். பெரிய சப்சிஸ்டத்தை (திட்டத்தின் ஒரு பகுதியை) பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் காலையில் மெயிலைத் திறந்தால் பேட்சுகள் குவிந்து கிடக்கும். உங்கள் சீரிஸை (பேட்ச் வரிசையை) இன்றே படிப்பதா, தள்ளிவைப்பதா, வேறொருவரைப் பார்க்கச் சொல்வதா என்று அவர் முடிவெடுப்பது கவர் லெட்டரைப் பார்த்துத்தான். அந்த முடிவுக்கு அவருக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை எழுதுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து தானாக வந்துவிடும்.

ஒரே ஒரு பேட்ச்தான் இருக்கு. அதுக்கும் கவர் லெட்டர் வேணுமா?

வேண்டாம். கமிட்டோடு எழுதும் விளக்கமான கமிட் மெசேஜே போதும். மெசேஜில் சேரக்கூடாத ஆனால் ரிவ்யூ செய்பவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் ஏதாவது இருந்தால், பேட்ச் ஃபைலில் கமிட் மெசேஜ் முடிந்து மூன்று சிறு கோடுகள் (---) வரும் இடத்துக்குக் கீழே எழுதலாம். பேட்சை எடுத்துச் சேர்க்கும்போது கிட் அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள எழுத்தை விட்டுவிடும். “இதை இன்ன பலகையில் மட்டும் சோதித்தேன்”, “போன முறையிலிருந்து மாறியது இது” போன்றவற்றுக்கு அதுதான் இடம்.

இரண்டு பேட்ச் ஆனாலே கவர் லெட்டர் போட்டுவிடுங்கள். க்யூஎமு திட்டத்தில் ஒன்றுக்கு மேல் போனால் அது கட்டாயம். அவர்களுடைய தானியங்கிச் சோதனைகளுக்கு அது உதவுகிறது.

இதை எப்படி உண்டாக்குறது? நோட்பேடில் அடிச்சு ஒட்டணுமா?

கிட் தானே செய்துகொடுக்கும். ‘கிட் ஃபார்மேட்-பேட்ச்’ கட்டளையோடு ‘--கவர்-லெட்டர்’ என்று சேர்த்தால், 0000 என்று தொடங்கும் ஒரு ஃபைல் கூடுதலாக வரும். அதில் எந்தெந்தக் கமிட்கள், எந்தெந்த ஃபைலில் எத்தனை வரி மாற்றம் என்ற பட்டியல் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் மட்டும் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே ‘தலைப்பு இங்கே’ என்பது போன்ற ஒரு வரி இருக்கும். அந்த இரண்டும்தான் உங்கள் வேலை.

ஒன்றைக் கவனியுங்கள். தலைப்பை நிரப்பாமல் அனுப்பப் பார்த்தால் ‘கிட் செண்ட்-ஈமெயில்’ மறுத்துவிடும். ஆனால் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே இருக்கிற நட்சத்திர வரியை அப்படியே விட்டால் தடுக்காது, நேரே போய்விடும். அப்படிப் போன கடிதங்கள் எல்லாத் திட்டங்களின் பழைய மெயில்களிலும் கிடைக்கும்.

அப்புறம், ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி ஃபோல்டர் வையுங்கள், ‘-ஓ’ என்று கொடுத்தால் போதும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடந்து, அனுப்பும்போது நட்சத்திரம் போட்டு ‘எல்லாப் பேட்சும்’ என்றால், பழைய வெர்ஷனும் புதியதோடு சேர்ந்து உலகத்துக்குப் போகும். கடிதத்தின் அடியில் தெரியும் வெர்ஷன் எண் உங்கள் கிட்டுடையது. அது இருந்துவிட்டுப் போகட்டும்.

தலைப்பு வரியில என்ன எழுதணும்?

சீரிஸ் முழுக்க என்ன செய்கிறது என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும். “பல திருத்தங்கள்”, “டிரைவர் மேம்பாடு” போன்ற தலைப்புகளால் பயனில்லை; ஆறு மாதம் கழித்துத் தேடினால் எதுவும் அகப்படாது. தலைப்பின் தொடக்கத்தில் எந்தப் பகுதி என்று போடும் வழக்கம் உண்டு. அதை நீங்களாக உண்டாக்க வேண்டாம். நீங்கள் தொட்ட ஃபைலுக்கு ‘கிட் லாக்’ போட்டுப் பார்த்தால், முன்னால் வந்தவர்கள் என்ன முன்னொட்டு போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சில இடங்களில் அடைப்புக்குறிக்குள்ளும் விதி உண்டு. கர்னலின் நெட்வொர்க்கிங் பகுதியில் திருத்தமானால் ‘நெட்’, புதிய வசதியானால் ‘நெட்-நெக்ஸ்ட்’ என்று பேட்ச் என்ற சொல்லோடு சேர்க்க வேண்டும். முதலில் அந்தத் திட்டத்தின் பேட்ச் அனுப்பும் வழிகாட்டியைப் படித்துவிடுங்கள். கர்னலுக்கு அது சோர்ஸ் கோடுக்குள்ளேயே டாக்குமென்டேஷன் ஃபோல்டரில் இருக்கிறது.

உள்ள என்னதான் எழுதணும்? ஒரு மாதிரி காட்டுங்க அண்ணே.

ஒரு சீரிஸைக் கற்பனை செய்துகொள்வோம். குலசேகரம் பக்கத்தில் ஒரு வீட்டில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையறை இருக்கிறது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறதால் ஷீட் காயாமல் பூஞ்சை பிடிப்பது எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. அந்த வீட்டுப் பையன் ஒரு ராஸ்பெரி பை (கையடக்கக் கணினிப் பலகை) வைத்து, ஐ2சி (சில்லுகள் பேசிக்கொள்ளும் ஒயர் முறை) ஈரப்பத சென்சாரை அறைக்குள் தொங்கவிட்டிருக்கிறான். அளவு இடையிடையே அபத்தமாக வருகிறது. சென்சாரோடு பேசும் கர்னல் கோடான டிரைவரைத் திறந்து பார்த்துத் திருத்தி, மூன்று பேட்ச் போட்டிருக்கிறான். முதலில் இப்படி எழுதினான் என்று வையுங்கள் (ஆங்கிலத்தில்தான் போகும், பொருளைத் தமிழில் தருகிறேன்; சிஆர்சி என்பது தரவு வழியில் கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்):

“இந்த சீரிஸ் சென்சார் டிரைவரை மேம்படுத்துகிறது. முதல் பேட்சில் ஒரு ஃபங்ஷனைத் தனியாகப் பிரித்தேன். இரண்டாவதில் சிஆர்சி சோதனை சேர்த்தேன். மூன்றாவதில் மறுவாசிப்பு சேர்த்தேன். தயவுசெய்து ரிவ்யூ செய்யவும்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கீழே கிட் தானாகப் போட்ட பட்டியலில் உள்ளதைத்தான் திரும்பச் சொல்கிறது. எதற்காக என்பது எங்கேயும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

“சென்சார் அனுப்பும் சிஆர்சி பைட்டை இந்த டிரைவர் வாங்குகிறது, ஆனால் சரிபார்ப்பதில்லை. வழியில் பிட் மாறினால் தவறான அளவு அப்படியே பயனருக்குப் போகிறது. ரப்பர் ஷீட் உலர்த்தும் அறையில், சுமார் 4 மீட்டர் ஒயரில் இது தெரிந்தது: 70 சதவீதம் என்று வந்துகொண்டிருந்த ஈரப்பதம் ஒரே ஒரு வாசிப்பில் 6 என்று வந்தது.

பேட்ச் 1 வாசிக்கும் பகுதியைத் தனி ஃபங்ஷனாக்குகிறது, செயல்பாட்டில் மாற்றமில்லை. பேட்ச் 2 சிஆர்சி பொருந்தாவிட்டால் பிழையைத் திருப்புகிறது. பேட்ச் 3 பிழை வந்தால் மூன்று முறை வரை மறுபடி வாசிக்கிறது.

ஒயரைக் குறைத்தால் பிழை குறையும்; ஆனாலும் ஒயர் எவ்வளவு நீளமானாலும் பேட்ச் 2 தேவை. பேட்ச் 3 டிரைவரில் இருக்க வேண்டுமா, பயன்படுத்தும் நிரலே மறுபடி கேட்கட்டுமா என்பதில் உங்கள் கருத்து வேண்டும்.

ராஸ்பெரி பை 4-இல் இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தேன். வேறு பலகையில் சோதிக்கவில்லை.”

மூன்றாவது பத்தியைப் பாருங்கள். ஐ2சி என்பது ஒரு பலகைக்குள் சில்லுகள் பேசிக்கொள்ள உண்டானது; பொதுவான வேகங்களில் பஸ்ஸின் மொத்தக் கெபாசிட்டன்ஸ் 400 பிகோஃபாரடுக்குள் இருக்க வேண்டும் என்று அதன் விதி சொல்கிறது. ஒயர் நீள நீள அது கூடும் என்பதால், 4 மீட்டர் ஒயர் என்றதும் அனுபவம் உள்ளவர் “ஒயரைச் சுருக்கு, கோடை ஏன் தொடுகிறாய்” என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே பதிலை வைத்தாகிவிட்டது. ஒரு சுற்று மெயில் மிச்சம். உங்கள் சீரிஸில் யாரும் கேட்கக்கூடிய முதல் ஆட்சேபம் எது என்று நீங்களே கண்டுபிடித்து எழுதுவதுதான், என்னைக் கேட்டால், கவர் லெட்டரில் ஆகப் பெரிய வேலை.

புகையறையைச் சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. பிரச்சினை மேசையில் யோசித்ததா, நிஜமாக நடந்ததா என்பது ஒரு வரியில் தெரிந்துவிடுகிறது. “வேறு பலகையில் சோதிக்கவில்லை” என்பதையும் கூசாமல் எழுதுங்கள். வேறு பலகை வைத்திருக்கும் யாராவது “நான் ஓட்டிப் பார்க்கிறேன்” என்று வருவது அப்படித்தான்.

கமிட் மெசேஜில எழுதினதையே திரும்பவும் எழுதணுமா?

பேட்சுகளை ஒன்றாகக் கட்டும் கதை கவர் லெட்டரில் வரட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிய காரணம் அதனதன் கமிட் மெசேஜில் இருக்க வேண்டும். பேட்சைச் சேர்க்கும்போது கிட் வரலாற்றில் ஏறுவது கமிட் மெசேஜ்தான். கவர் லெட்டர் மெயிலோடு நின்றுவிடும். ஐந்து வருடம் கழித்து, ஒரு வரியை எந்தக் கமிட் மாற்றியது என்று ‘கிட் பிளேம்’ போட்டுப் பார்க்கிறவருக்கு அது கண்ணில் படாது. ஆகவே முக்கியமான காரணத்தைக் கவர் லெட்டரில் மட்டும் வைத்து, கமிட்டில் “கவர் லெட்டரைப் பார்க்கவும்” என்று எழுதாதீர்கள். சிஆர்சி ஏன் தேவை என்பது பேட்ச் 2-இன் மெசேஜிலும் இருக்க வேண்டும். இந்த அளவுக்குத் திரும்பச் சொல்வதில் தவறில்லை.

விதிவிலக்கும் உண்டு. கர்னலின் நெட்வொர்க்கிங் பகுதியில் சீரிஸை மெர்ஜ் செய்யும்போது (இணைக்கும்போது) கவர் லெட்டரை மெர்ஜ் கமிட்டில் போடுகிறார்கள். கர்னலின் மூத்த மெயின்டெய்னர் ஆண்ட்ரூ மார்ட்டன் தம் வழியாகப் போகும் சீரிஸ்களில் கவர் லெட்டரை முதல் பேட்சின் மெசேஜோடு சேர்த்துவிடுவார். அப்படிச் சேர்ந்தால் நீங்கள் எழுதியது நிரந்தரமாக இருக்கும். “ஹாய் எல்லாருக்கும், பொங்கல் லீவில் எழுதினேன்” என்பதும் சேர்ந்தே இருக்கும்.

என் காலேஜ், இயர், இதுதான் என் முதல் பேட்ச்னு எல்லாம் சொல்லணுமா?

சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கு அனுப்பும் கடிதத்தில்தான் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பேட்சைப் பற்றி. முதல் பேட்ச் என்று ஒரு வரி போட்டால் யாரும் கோபப்படப் போவதில்லை, சிலர் கொஞ்சம் பொறுமையாகவும் விளக்குவார்கள். ஆனால் அதனால் கோடு சலுகையில் உள்ளே போகாது.

எங்க வீட்டுல சர்நேம் கிடையாது, இனிஷியல்தான். பேரை எப்படிப் போட?

கவர் லெட்டருக்குக் கையொப்ப வரி தேவையில்லை. ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி ஒவ்வொரு கமிட்டிலும் இருக்க வேண்டும். இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று நீங்கள் கொடுக்கும் உறுதி அது. கர்னலில் 2004-இல் வந்த வழக்கம். முன்பு உண்மைப் பெயர் வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தது. 2023-இல் அதைத் தளர்த்தி, அறியப்பட்ட அடையாளமாக இருந்தால் போதும், பெயரே இல்லாமல் முடியாது என்று மாற்றினார்கள். இனிஷியலோடு போடுங்கள், இல்லை அப்பா பேரையே கடைசியில் முழுசாகப் போடுங்கள், இரண்டும் சரி. மெயிலின் அனுப்புநர் வரியிலும் கையொப்ப வரியிலும் பெயரும் முகவரியும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் சோதனைக் கருவி கத்தும்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது. தப்பா எழுதினா சிரிப்பாங்களா?

மாட்டார்கள். பேட்ச் அனுப்புகிறவர்களில் கணிசமானோருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. ரிவ்யூ செய்கிறவர்களிலும் அப்படியே. இலக்கணப் பிழை யாரையும் தடுப்பதில்லை. தடுப்பது பள்ளிக்கூடத்தில் நமக்குப் பழக்கிவிட்ட விண்ணப்ப நடை. “ரெஸ்பெக்டட் சார்” என்று தொடங்கி, பணிவோடு சமர்ப்பிப்பதாகச் சொல்லி, “டூ த நீட்ஃபுல்” என்று முடித்தால், நடுவில் விஷயம் எங்கே இருக்கிறது என்று அவர் தேட வேண்டியிருக்கிறது. “ஹாய்” போதும். அதுகூட இல்லாமலும் எழுதலாம்.

எழுத வராவிட்டால் ஒரு வழி சொல்கிறேன். முதலில் பக்கத்தில் இருக்கிறவரிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள்: “இப்பம் என்ன நடக்குது? அதனால யாருக்கு என்ன தொந்தரவு? நான் என்ன மாத்தினேன்? எப்படிச் சரிபார்த்தேன்?” இந்த நாலுக்கும் வாயில் வந்த பதிலை, சிறு சிறு வாக்கியமாக, ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம் என்று ஆங்கிலத்தில் போடுங்கள். மேலே காட்டிய மாதிரியில் கடினமான வாக்கியம் ஒன்றுகூட இல்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சாட்ஜிபிடிகிட்ட எழுதச் சொன்னா போதாதா?

திட்டத்துக்குத் திட்டம் விதி வேறு. ஏஐ உண்டாக்கிய பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று க்யூஎமு எழுத்திலேயே வைத்திருக்கிறது. சில இடங்களில் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லச் சொல்கிறார்கள். அனுப்பும் முன் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதி இடம் கொடுத்தாலும் எழுத்துப்பிழை திருத்துவதோடு நிறுத்துங்கள். கோடை மட்டும் பார்த்து எழுதும் எதற்கும் புகையறையும் தெரியாது, 4 மீட்டர் ஒயரும் தெரியாது. அது முன்பு காட்டிய முதல் மாதிரியைத்தான் இன்னும் பகட்டான சொற்களில், நாலு மடங்கு நீளத்தில் தரும். அப்புறம், ரிவ்யூவில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

எவ்வளவு நீளம் இருக்கலாம்?

மூன்று நாலு பேட்சுக்கு, ஸ்க்ரோல் செய்யாமல் படித்துவிடும் அளவு. வடிவமைப்பையே மாற்றும் பெரிய சீரிஸ் என்றால் இரண்டு மூன்று பக்கம்கூடப் போகலாம், அளவீட்டு எண்கள் வந்தால் இன்னும் கூடும். எப்படியும் முதல் பத்தியில் விஷயம் வந்துவிட வேண்டும். வரியை 72 எழுத்து வாக்கில் மடக்குங்கள்.

பேட்சுகளே அதிகமானால் கடிதம் உதவாது. கர்னலில் ஒரே நேரத்தில் 15 வாக்கில் போதும் என்கிறார்கள். அதற்கு மேல் இருந்தால் பிரியுங்கள்.

யாருக்கெல்லாம் அனுப்பணும்? கவர் லெட்டர் எல்லாருக்கும் போகணுமா?

கர்னலில் ‘கெட்_மெயின்டெய்னர்’ என்ற ஸ்கிரிப்டை உங்கள் பேட்சின் மேல் ஓட்டினால் ஆள்களையும் மெயிலிங் லிஸ்ட்களையும் சொல்லும். பேட்சுகள் வேறு வேறு பகுதியைத் தொட்டால், ஒரு பேட்ச் மட்டும் ஒருவருக்குப் போகும் நிலை வரலாம். அவருக்குக் கவர் லெட்டரும் போகட்டும். தலையும் வாலும் இல்லாமல் 2/5 மட்டும் கையில் கிடைத்தால் அவர் என்ன செய்வார்? கவர் லெட்டரிலேயே முகவரிகளை எழுதிவிட்டு, ‘செண்ட்-ஈமெயில்’ கட்டளையில் ‘--டு-கவர்’, ‘--சிசி-கவர்’ என்று கொடுத்தால் அதே ஆள்களை எல்லாப் பேட்சுக்கும் சேர்த்துக்கொள்ளும்.

ஜிமெயிலைத் திறந்து அப்படியே ஒட்டி அனுப்பினா என்ன?

ஜிமெயில் வலைப்பக்கம் டேப்பை ஸ்பேஸாக மாற்றும், வரிகளைத் தானாக மடக்கும். பேட்ச் பாழ். கவர் லெட்டரில் கோடு இல்லைதான், ஆனால் ஹெச்டிஎம்எல் மெயிலாகப் போனால் கர்னல் லிஸ்ட்கள் வாசலிலேயே திருப்பிவிடும். ஜிமெயில் கணக்கு இருக்கட்டும். இரண்டு படிச் சரிபார்ப்பை ஆன் செய்து, ஆப் பாஸ்வேர்டு எடுத்து, ‘கிட் செண்ட்-ஈமெயில்’ வழியாக அனுப்புங்கள். முதலில் உங்களுக்கே ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிட்டு அப்புறம் வெளியே விடுங்கள். வெப்ராளம் பாதி குறையும்.

கம்பெனி மெயிலிலிருந்து அனுப்புகிறவர்கள், “இது ரகசியம், உரியவர் அல்லாதவர் அழித்துவிடவும்” என்ற வால் தானாக ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். பொதுவில் போகும் பேட்சில் அந்த வால் இருந்தால் பலர் தொடவே மாட்டார்கள். இணைப்பாக அனுப்பலாமா என்பதும் திட்டத்தைப் பொறுத்தது: கர்னலில் கூடாது, போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் இணைப்பாக அனுப்புவதுதான் வழக்கம்.

ஆர்எஃப்சி எப்பம் போடணும்?

ஆர்எஃப்சி என்பது ‘கருத்து கேட்கிறேன்’ (ரிக்வெஸ்ட் ஃபார் காமெண்ட்ஸ்) என்ற குறி. கோடு இன்னும் முடியவில்லை, திசை சரியா என்று மட்டும் கேட்க வேண்டும் என்றால் போடுங்கள். ‘--ஆர்எஃப்சி’ கொடுத்தால் தலைப்பில் சேர்ந்துவிடும். ஆனால் அந்த மூன்று எழுத்தைப் போட்டுவிட்டுக் கேள்வியைக் கேட்காமல் விடுகிறவர்கள் நிறைய. எதில் கருத்து வேண்டும் என்று கவர் லெட்டரில் சொல்லுங்கள். மாதிரியில் பேட்ச் 3 பற்றிக் கேட்டது போல, பதில் சொல்ல எளிதான கேள்வியாக இருக்கட்டும். பயத்தில் ஆர்எஃப்சி போடாதீர்கள்; முடிந்த பேட்சை முடிந்தது என்றே அனுப்புங்கள்.

வெர்ஷன் 2 அனுப்பப் போறேன். பழைய கவர் லெட்டரையே போட்டா போதுமா?

பழையதை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புதிதாகப் படிக்கிறவரும் இருப்பார். அதன் கீழே என்ன மாறியது என்று சேர்க்க வேண்டும். நம் புகையறை சீரிஸுக்கு, திருத்தத்தை முதல் பேட்சாகக் கொண்டுவரச் சொல்லி மெயின்டெய்னர் எழுதுகிறார் என்று வையுங்கள். நியாயமான கோரிக்கை: பிழைத்திருத்தம் முதலில் இருந்தால் அதை மட்டும் பழைய ஸ்டேபிள் கர்னல்களுக்கு எடுத்துப் போகலாம், ஃபங்ஷன் பிரிக்கும் பேட்சுக்குப் பின்னால் நின்றால் இரண்டையும் இழுக்க வேண்டும். அப்போது வெர்ஷன் 2-இல் இப்படி வரும் (‘ஃபிக்ஸஸ்’ என்பது எந்தப் பழைய கமிட்டின் பிழையைத் திருத்துகிறது என்று சொல்லும் வரி):

“வெர்ஷன் 1-இலிருந்து மாற்றங்கள்: சிஆர்சி திருத்தத்தைப் பேட்ச் 1 ஆக்கினேன், ‘ஃபிக்ஸஸ்’ வரி சேர்த்தேன். ஃபங்ஷன் பிரிப்பது இப்போது பேட்ச் 2. பேட்ச் 3-இல் மறுவாசிப்பு மூன்றிலிருந்து இரண்டானது. வெர்ஷன் 1-க்கான இணைப்பு கீழே.”

“ரிவ்யூ கருத்துகளைச் சரிசெய்தேன்” என்று மட்டும் எழுதினால், எந்தக் கருத்து என்று அவர் பழைய மெயிலைத் தேடிப் போக வேண்டும். யார் சொல்லி மாற்றினீர்களோ அவர் பெயரையும் போடுவது நல்ல வழக்கம். ‘--ரேஞ்ச்-டிஃப்’ கொடுத்தால் இரண்டு வெர்ஷனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிட் தானே கவர் லெட்டரில் சேர்த்துவிடும். அது நீங்கள் எழுதும் பட்டியலுக்குத் துணை, பட்டியலுக்குப் பதிலாகாது.

வெர்ஷன் 2-ஐப் பழைய கடிதத்துக்கு ரிப்ளையாகக் கோர்ப்பதா, தனியாக விடுவதா என்பதில் இரண்டு கட்சி. கிட் திட்டத்தில் பழைய கவர் லெட்டருக்கு ரிப்ளையாக அனுப்பச் சொல்கிறார்கள். கர்னலில் பல பேட்ச் உள்ள சீரிஸைத் தனி இழையாக அனுப்பி, பழையதற்கு இணைப்பு கொடுக்கச் சொல்கிறார்கள். போகிற இடத்து வழக்கத்தைப் பின்பற்றுங்கள்.

ஒரு ரிவ்யூவர் சொன்னது தப்புன்னு தோணுது. மாத்தாம விட்டா?

விடலாம், சொல்லிவிட்டு. முதலில் அவருடைய மெயிலுக்கே பதில் எழுதிக் காரணத்தைச் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த வெர்ஷனின் மாற்றப் பட்டியலில் “மறுவாசிப்பை நீக்கவில்லை; காரணம் இது” என்று ஒரு வரி. எதுவும் சொல்லாமல் பழையபடி அனுப்பினால், நீங்கள் படிக்கவே இல்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். அடுத்த முறை அவர் படிக்க மாட்டார்.

அனுப்பி நாலு நாளாச்சு, ஒரு பதிலும் வரல. திரும்ப அனுப்பட்டா?

பொறுங்கள் மக்கா. கர்னலில் குறைந்தது ஒரு வாரமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள். மெர்ஜ் விண்டோ நடந்தால் இன்னும் கூட. ஒரு வெர்ஷன் வெளியானதும் இரண்டு வாரம் திறந்திருக்கும் அந்தக் காலத்தில் மெயின்டெய்னர்கள் புதிதாக எதையும் பார்ப்பது குறைவு. நெட்-நெக்ஸ்ட் அப்போது மூடியே இருக்கும்.

அப்புறமும் பதில் இல்லையென்றால் கவர் லெட்டருக்கே பதில் போட்டு “இதைப் பார்க்க முடிந்ததா?” என்று ஒரு வரி கேளுங்கள். அதற்கும் அசைவில்லையென்றால் ‘ரீசெண்ட்’ என்று தலைப்பில் சேர்த்து அனுப்பலாம். ஒரு எழுத்தும் மாறாத சீரிஸுக்கு மட்டும்தான் அந்தக் குறி. ஏதாவது மாறியிருந்தால் அது வெர்ஷன் 2. மாறாகப் பதில் உடனே வந்துவிட்டால், அதே சூட்டில் அடுத்த வெர்ஷனைத் தள்ளிவிடாதீர்கள். நெட்வொர்க்கிங் பகுதியில் 24 மணி நேர இடைவெளி விதியாகவே இருக்கிறது.

மூணில ரெண்டை எடுத்துட்டாங்க. மிச்சத்துக்கு என்ன எழுத?

நல்ல செய்திதான். சந்தேகமுள்ள பேட்சைக் கடைசியில் வைத்ததன் பலன் இது. மிச்சமுள்ளதைப் புதிய அடிப்படையின் மேல் ரீபேஸ் செய்து, வெர்ஷன் எண்ணைத் தொடர்ந்தே கொடுத்து அனுப்புங்கள். “பேட்ச் 1, 2 சேர்ந்துவிட்டன, இதில் இல்லை” என்று சொல்ல வேண்டும். ஒரே பேட்ச்தான் மிச்சம் என்றால் இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில்: மூன்று கோட்டுக்குக் கீழே எழுதினால் போதும்.

என் சீரிஸ் இன்னும் சேராத வேற ஒருத்தரோட சீரிஸ் மேல நிக்குது.

கவர் லெட்டரின் மேற்பகுதியிலேயே சொல்லி, அந்தச் சீரிஸுக்கு இணைப்பு கொடுங்கள். கீழே புதைத்தால், பேட்ச் ஒட்டவில்லை என்று இயந்திரம் கத்திய பிறகுதான் கண்ணில் படும். ‘--பேஸ்’ கொடுத்தால் எந்தக் கமிட்டின் மேல் நிற்கிறது, இடையில் என்னென்ன பேட்ச் தேவை என்பதைக் கிட் கடிதத்தின் அடியில் எழுதிவிடும். யாரையும் சார்ந்திராவிட்டாலும் அதைக் கொடுப்பது நல்லது.

ரெண்டு சப்சிஸ்டத்தைத் தொடுது. யாரு எடுப்பாங்க?

இங்கேதான் சீரிஸ்கள் மாதக்கணக்கில் கிடக்கின்றன. ஒருவர் இன்னொருவர் எடுப்பார் என்று இருப்பார், அவர் இவர் எடுப்பார் என்று இருப்பார். கவர் லெட்டரில் ஒரு யோசனையை முன்வையுங்கள்: “பேட்ச் 1 ஐ2சி பகுதி, 2-உம் 3-உம் சென்சார் பகுதி. 2-க்கு 1 தேவை. எல்லாம் சென்சார் மரம் வழியாகப் போகலாமா, ஐ2சி மெயின்டெய்னரின் ‘ஆக்டு-பை’ கிடைத்தால்?” (‘மரம்’ என்பது ஒரு மெயின்டெய்னர் வைத்திருக்கும் கிட் களஞ்சியம், ‘ஆக்டு-பை’ அவருடைய சம்மத வரி.) முடிவு அவர்களுடையது. ஆனால் யாராவது பேச்சைத் தொடங்க வேண்டும், அது நீங்களாகவே இருக்கலாம். பேட்சுகளுக்குள் சார்பே இல்லை என்றால் ஒன்றாக அனுப்பாமல் இரண்டு தனி சீரிஸாக்குங்கள். இந்தத் தலைவலியே இல்லை.

கவர் லெட்டர்ல தப்பான எண்ணைப் போட்டு அனுப்பிட்டேன். இப்பம் என்ன?

மொத்தத்தையும் திரும்ப அனுப்ப வேண்டாம். உங்கள் கவர் லெட்டருக்கு நீங்களே பதில் போட்டு, “7 என்றது தவறு, 70 என்று படிக்கவும்” என்று எழுதுங்கள். அடுத்த வெர்ஷன் வந்தால் அதில் திருத்திக்கொள்ளுங்கள். கோடில் தவறு என்றால் வேறு கதை: “பேட்ச் 3-இல் பிழை கண்டேன், இந்த வெர்ஷனை எடுக்க வேண்டாம்” என்று உடனே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு வெர்ஷனுக்கும் கவர் லெட்டரைத் தேடி எடுத்து ஒட்டுறது பெரிய பாடா இருக்கு.

‘கிட் பிராஞ்ச் --எடிட்-டிஸ்கிரிப்ஷன்’ என்று போட்டு அந்தப் பிராஞ்சிலேயே எழுதி வைத்தால், ஃபார்மேட்-பேட்ச் அதைக் கவர் லெட்டருக்கு எடுத்துக்கொள்ளும். கர்னலுக்கு அனுப்புகிறவர்கள் பலர் ‘பி4’ கருவிக்கு மாறிவிட்டார்கள். அது கவர் லெட்டரைப் பிராஞ்சின் தொடக்கத்தில் ஒரு வெற்றுக் கமிட்டாக வைத்துக்கொள்ளும், வெர்ஷன் எண்ணைத் தானே ஏற்றும், ரிவ்யூவில் கிடைத்த ‘ரிவ்யூட்-பை’ வரிகளையும் சேகரித்துத் தரும். முதல் ஒன்றிரண்டு சீரிஸைக் கையால் செய்துவிட்டு இதற்குப் போங்கள் என்பது என் கருத்து. இல்லாவிட்டால் ஏதாவது கோளாறானால் எங்கே பார்ப்பது என்று தெரியாது.

பேட்ச் சேர்ந்தாச்சு! ரெஸ்யூமேல எதைப் போட?

கவர் லெட்டர் மெயிலின் இணைப்பைப் போடுங்கள். கர்னல் லிஸ்ட் மெயில்கள் லோர் என்ற மெயில் காப்பகத் தளத்தில் பொதுவில் இருக்கின்றன. கமிட்டின் இணைப்பைக் கொடுத்தால் முடிந்த கோடு மட்டும் தெரியும். கவர் லெட்டரின் இணைப்பைத் திறந்தால் கீழேயே முழு இழையும் இருக்கும்: யார் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று இன்டர்வியூ எடுப்பவர் படித்துவிடலாம். கடைசி வெர்ஷனுடைய இணைப்பையே கொடுங்கள். அதில் பழைய வெர்ஷன்களுக்கான இணைப்பும் இருக்குமே.